பளிக்கறையும் பயிற்சியறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்களித்த தலைப்பு 'காப்பியங்களில் இசையும் இடமும்' என்பதாகும். தலைப்பின் முற்பகுதியை இவ்வரங்கில் பலர் பேசிவிட்டனர். ஆதலின் பிற்பகுதியை எடுத்துக்கொண்டு, வீட்டின் நிலவறையில் ஓசை வெளிப்படாத இசைப் பயிற்சியறை ஒன்றைக் கட்டுவது எவ்வாறு என்பது பற்றிப் பேச விரும்புகிறேன். தமிழ் கற்பிப்பவள் கொத்தனார் வேலை பேசுவதா என்று நகைக்க வேண்டா. இளங்கோவடிகளே இதனைத் தொடங்கி வைத்தவர்.

அரங்கேற்று காதையில் ஆடலரங்கின் அளவை அவர் எத்துணை நுணுக்கமாகச் சொல்கிறார் என்பது நீங்கள் அறிந்ததே. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேலே உத்தரப் பலகைக்கும் கீழே அரங்கப் பலகைக்கும் இடையே நான்கு கோல், வாயில்கள் இரண்டு. மூங்கிலை எங்கே வெட்டுவது என்பதுகூட அங்குண்டு. ஆனால் அந்த அரங்கில் ஏறுவதற்கு முன் மாதவி ஏழாண்டுகள் பயின்றாள் அல்லவா? ஐந்து வயதில் தொடங்கிப் பன்னிரண்டில் மன்னன் முன் வந்து நின்றாள். அந்த ஏழாண்டும் எந்த இடத்தில் கழிந்தன? அவ்விடத்தின் நீளம் என்ன, அகலம் என்ன, கதவு எத்தனை? காப்பியம் சொல்லவில்லை. அரங்குக்கு அளவு உண்டு. பயிற்சிக்கு ஆண்டுக் கணக்கு மட்டுமே உண்டு. இதனை இளங்கோவடிகளின் குறையாக நான் கூறவில்லை. அரங்கேற்றத்தைக் காண்பவர்க்குப் பயிற்சி கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

ஓசை வெளிப்படாத அறையைத் தேடினால் இரட்டைக் காப்பியங்களில் மற்றொன்றுக்குச் செல்ல வேண்டும். உவவனத்துக்கு மலர் கொய்யச் சென்ற மணிமேகலையை, உதயகுமரனின் தேரொலி கேட்டதும் சுதமதி ஒரு மண்டபத்துள் புகுத்தித் தாழிடுகிறாள். அதுதான் பளிக்கறை. பளிங்கு என்றதும் இக்காலத்தில் நமக்குச் சலவைக்கல் நினைவுக்கு வருகிறது. சாத்தனார் காட்டுவது அதுவன்று. கண்ணாடி போல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய படிகம். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும். அவர் எழுப்பும் குரல் வெளியே வாராது. ஒளிக்கு வழிவிட்டு ஒலிக்கு வழிமறிக்கும் அறையைக் கற்பனை செய்த முதற்புலவர் சாத்தனார் என்று சொல்ல எனக்கு ஆசை உண்டு. எல்லா அறிவியலும் நம் ஏடுகளிலேயே உள்ளது என்று மேடைதோறும் முழங்குவோர் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை என்பதால் அதனைச் சொல்லாமல் விடுகிறேன். எனினும், இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகர் ஓர் அறையிலும் பதிவு செய்பவர் மற்றோர் அறையிலும் அமர, இடையே இரட்டைக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறதே, அது பளிக்கறையின் சுவரன்றி வேறென்ன?

இனி நிலவறைக்கு வருகிறேன். என் தங்கை குடும்பத்தோடு கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியில் வாழ்கிறாள். அங்கே குளிர்காலத்தில் நிலம் ஏறத்தாழ நான்கடி ஆழம் வரை உறைந்துபோகக் கூடும். உறையும் மண் வீங்கி வீட்டை அசைத்துவிடும். எனவே அடித்தளத்தை அதற்கும் கீழே இறக்க வேண்டும். எப்படியும் தோண்டிய பள்ளத்தை வீணாக்குவானேன் என்று அதையே ஓர் அறையாக்கிவிடுகின்றனர். அங்குள்ள நம்மவர்கள் 'பேஸ்மென்ட்' என்கிறார்கள். நமக்கு நிலவறை என்ற நல்ல சொல் உண்டு. புதையலும் சிறையும் கரந்துறைவோரும் இருக்கும் இடமாகவே அச்சொல்லை நம் கதைகள் கையாண்டு வந்துள்ளன. ஸ்கார்பரோவின் நிலவறைகளில் நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் பரதமும் பயில்கின்றனர். புலம்பெயர்ந்தோர் வாழ்வில் அதுவும் ஒரு புதையலே.

என் தங்கை மகள் மிருதங்கம் பயில்பவள். நான் 2017ஆம் ஆண்டு கோடையில் அங்குச் சென்றபோது அவளுக்குப் பதினான்கு வயது. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடு அது. அடுத்த வீட்டுப் பெண்மணி இரவுப் பணி பார்க்கும் செவிலியர். பகலில்தான் அவருக்கு உறக்கம். பள்ளி விட்டு வந்ததும் இவள் மிருதங்கத்தை எடுப்பாள்; அவர் விழித்துக்கொள்வார். ஒரு நாள் மிகப் பணிவான சொற்களில் எழுதிய சிறு கடிதம் ஒன்று கதவடியில் கிடந்தது. அவர் மீது எவ்வகையிலும் குற்றம் சொல்ல இயலாது. இவள் முதலில் விரல்களை மெல்ல வைத்து வாசித்தாள். பிறகு தலையணை மீது வாசித்தாள். பிறகு வாசிப்பதையே விட்டுவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மிருதங்கம் உறையிட்டு அலமாரிக்கு மேல் இருந்தது. என் தாயாரும் அப்போது அங்கிருந்தார்.

முதலில் எல்லாரும் செய்வதையே அவர்களும் செய்து பார்த்திருந்தனர். முட்டை அட்டைகளைச் சேகரித்து நிலவறைச் சுவரில் ஒட்டியிருந்தார் தங்கையின் கணவர். நம் ஊரிலும் பலர் தெர்மாகோலை ஒட்டிப் பார்த்ததுண்டு. இவற்றால் ஒலி நிற்காது. ஒலியை உறிஞ்சுவது வேறு, ஒலியைத் தடுப்பது வேறு. பஞ்சும் கம்பளமும் திரைச்சீலையும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். அடுத்த அறைக்குப் போகும் ஒலியை அவை பொருட்படுத்துவதேயில்லை. 100 ஹெர்ட்ஸ் கொண்ட ஓர் ஆழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இவ்வளவு பெரிய அலைக்கு முன் முட்டை அட்டை எம்மாத்திரம்?

ஒலியைத் தடுக்க முதலில் வேண்டுவது எடை. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியலார் வகுத்த விதி. பத்து டெசிபல் குறைந்தால்தான் நம் செவிக்கு ஓசை பாதியானதாகத் தோன்றும். அப்படியானால் எடையை மட்டும் நம்பிக் கோட்டைச் சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். இரண்டாவது உபாயம் பிரிவு: ஒன்றையொன்று தொடாத இரு சுவர்களை இடைவெளி விட்டு நிறுத்துவது. இடையிலுள்ள காற்று சுருள்வில் போல் இயங்கி, ஒரு சுவரின் அதிர்வை மற்றொன்றுக்கு முழுமையாகக் கொடாமல் இருக்கும். எனவே அறைக்குள் ஓர் அறை கட்டுகின்றனர். வெளிப்பெட்டி வீட்டைச் சார்ந்தது. உள்பெட்டி தன்னந்தனியாக நிற்பது. இரண்டுக்கும் இடையே தொடர்பு இருத்தல் ஆகாது. குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது போல என்று என் தாயார் அதனை விளக்கினார். தச்சரின் விளக்கத்தைவிட அது எனக்கு நன்றாக விளங்கியது.

நிலவறையின் நல்வாய்ப்பு யாதெனில், அதன் வெளிச்சுவர்களுக்குப் பின்னே பூமி இருக்கிறது. அப்பக்கங்களில் ஓசை போய்ச் சேர்வதற்கு ஆளில்லை. அண்டை வீட்டோடு பங்கிட்ட சுவர் ஒன்றும் மேற்கூரையுமே எதிரிகள். கூரை என்பது மேல்வீட்டின் தளம். மர உத்தரங்களின் மீது மரப்பலகை. அதில் அடித்தால் வீடே முழவாகும். ஆதலால் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. உத்தரங்களுக்கிடையே கனிமப் பஞ்சைத் திணித்தனர். உத்தரத்தில் ரப்பர் பொதிந்த பிடிகளை முடுக்கி, அவற்றில் உலோகச் சட்டத்தைத் தொங்கவிட்டு, அச்சட்டத்தில் ஜிப்சம் பலகையை அறைந்தனர். நான்கடிக்கு எட்டடிப் பலகை ஒன்று ஏறத்தாழ 32 கிலோ எடை. அதன் மேல் இன்னொரு பலகை. இரண்டுக்கும் நடுவே, இறுகாமல் எப்போதும் நெகிழ்ந்தே இருக்கும் ஒருவகைப் பசை. அதிர்வை அப்பசை வெப்பமாக மாற்றி விழுங்கிவிடும். சுவர்களும் இவ்வாறே, கான்கிரீட்டிலிருந்து ஓரங்குலம் விலகி, தமக்கெனத் தனிச்சட்டத்தில் நின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக இருந்த இடம், முடிந்தபோது எல்லாப் பக்கத்திலும் அரையடிக்கு மேல் சுருங்கியிருந்தது.

இவ்வளவும் ஒரு நீண்ட திருகாணியால் பாழாகிவிடும் என்பதே இக்கட்டுமானத்தின் விந்தை. பலகையில் முடுக்கும் திருகு சட்டத்தோடு நில்லாமல் மேலே உத்தரத்தைத் தொட்டுவிட்டால், அந்த ஓர் இரும்பு வழியே ஓசை ஏறிப் போய்விடும். தச்சராக வந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய முதியவர். அவர் திருகாணிப் பெட்டிகளைத் தாமே எண்ணிப் பிரித்து வைத்துக்கொண்டு, அளவு மாறியதை யாரும் எடுத்துவிடாதபடி காவலிருந்தார். இடுக்கும் அப்படியே. சுவர்ப்பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். மீதிச் சுவர் எத்துணைத் திண்மையாயினும் மொத்தத் தடை 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்குக் கீழே விரல் நுழையும் சந்து, மின்விசைப் பலகையின் பின்புறத் துளை, குழாய் புகும் ஓட்டை ஆகியவையே ஓசையின் ஒற்றர்கள். கதவைத் திண்மரத்தால் செய்து, நாற்புறமும் ரப்பர் விளிம்பு வைத்து, மூடும்போது தானே கீழிறங்கித் தரையை அடைக்கும் பட்டையையும் பொருத்தினர். கதவு ஒன்றுக்கு ஆன செலவைக் கேட்டுத் தங்கையின் கணவர் ஒரு நாள் முழுதும் யாரோடும் பேசவில்லை.

பெரியவர்களும் இதில் ஏமாந்ததுண்டு. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் கார்லைல், அண்டை வீட்டுச் சேவல்களும் பியானோக்களும் தம்மை எழுத விடாமல் செய்ததால், 1853ஆம் ஆண்டு லண்டன் செல்சி பகுதியிலிருந்த தம் வீட்டின் உச்சியில் ஓசை புகாத அறை ஒன்று கட்டத் தொடங்கினார். இரட்டைச் சுவர், வெளிச்சத்துக்குக் கூரையில் சாளரம். குடியேறிய பின் பார்த்தால், அதுவரை கேளாத தொலைதூர ஓசைகளெல்லாம் தெளிவாகக் கேட்டனவாம். அண்மை ஓசை அடங்கினால் சேய்மை ஓசை எழும். அமைதி என்பது ஒப்பீட்டுப் பொருள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் சோனி ராலின்ஸ் அறையே கட்டவில்லை. அண்டை வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்க, அவருக்குத் தொல்லை தர மனமின்றி, 1959 முதல் 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மீது நின்று சாக்சபோன் ஊதிப் பயின்றார். 1962இல் வந்த அவர் இசைத்தட்டின் பெயரே 'பாலம்' என்பதாம். நம் நாகசுரக் கலைஞர்கள் ஆற்றங்கரையிலும் தோப்பிலும் அசுர சாதகம் செய்ததை இதனோடு வைத்து எண்ணுகிறேன். ஆனால் பாலமும் ஆற்றங்கரையும் வைகறையும் ஓர் ஆண்மகனுக்கு எளியன. பதினான்கு வயதுப் பெண்ணை மிருதங்கத்தோடு பாலத்துக்கு அனுப்புவார் யார்?

இங்கே பணத்தைப் பற்றிய வாதம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேலை பாதியில் நிற்கும்போது தங்கையின் கணவர், "இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள், அதற்காக இவ்வளவா?" என்று தயங்கினார். நியாயமான தயக்கமே. என் தாயார் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாதவர். அவர் சொன்னார்: "மாப்பிள்ளை, உங்க வீட்டுக்காரி கல்யாணத்துக்கு முன்னாடி ஒன்பது வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ. அவ எப்ப நிறுத்தினான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பாடினாத்தான் சத்தம் கேக்கும்; நிறுத்தினா சத்தமே கேக்காது." அதன் பிறகு அவ்வீட்டில் செலவுப் பேச்சு எழவில்லை.

அறைக்குள்ளும் வேலை இருந்தது. ஓசையை வெளியே விடாத அறை, அவ்வளவு ஓசையையும் வாசிப்பவர் மீதே திருப்பும். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்து அதன் மேற்சுரங்களை ஒத்திசைவுக்குக் கொண்டுவருகிறது என்பதைச் சர் சி.வி. இராமன் 1920ஆம் ஆண்டிலும் பின்னர் 1934ஆம் ஆண்டிலும் ஆய்ந்து எழுதினார். வெற்றுச் சுவர் கொண்ட சிற்றறையில் அந்த நுட்பமெல்லாம் கூச்சலில் கரைந்துவிடும்; தொப்பியின் கும்காரம் மட்டும் மூலைகளில் தேங்கும். இப்போதுதான் பஞ்சுப் பலகைக்கும் கம்பளத்துக்கும் இடமுண்டு. மூலைகளில் கனமாகவும் சுவர்களில் விட்டுவிட்டும் வைத்தனர். சுவர் முழுதும் வைத்துவிட்டால் நாதம் செத்துப்போகும். செவியின் நலனும் ஒரு காரணம். 85 டெசிபல் ஓசையில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 88இல் நான்கு மணி நேரமே என்பது அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனத்தார் வகுத்த வரம்பு. மூன்று ஏற, காலம் பாதியாகும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பிழையாகும். ஓசை புகாத அறையில் காற்றும் புகாது. ஒலியுறிஞ்சும் பஞ்சு உள்ளே பொதிந்த, இரண்டு மூன்று இடங்களில் வளைந்து செல்லும் குழாய் வழியே காற்றை உள்ளே கொண்டுவரவும் வெளியே கொண்டுசெல்லவும் வேண்டும். காற்று வளைந்து வரும். ஓசை வளைவுகளில் களைத்துப்போகும். மேல்மாடியில் புகையெச்சரிக்கைக் கருவி அலறினால் உள்ளே கேளாது. ஆகவே ஒன்றோடொன்று இணைந்த கருவிகளும், அறைக்குள் ஒளிர்ந்து எச்சரிக்கும் விளக்கும் பொருத்தினர். அழைத்தால் கேளாத இடத்தில் பிள்ளையை வைப்பது எளிய செயலன்று.

நான் 2019இல் மீண்டும் சென்றேன். மிருதங்கம் அலமாரியை விட்டு இறங்கியிருந்தது. செவிலியம்மையார் ஒரு பகலில் வீட்டுக்கு வந்து, தம் வீட்டுச் சுவரில் காதை வைத்துப் பார்த்ததாகவும் தொலைவில் யாரோ அரிசி இடிப்பது போல் மட்டுமே கேட்டதாகவும் சிரித்துக்கொண்டே கூறினார் (அரிசி இடிப்பது என்பது என் மொழிபெயர்ப்பு). முழு அமைதி வரவில்லை, வருவதுமில்லை. தங்கை மகளிடம், கதவை மூடியதும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். "பெரியம்மா, அங்க தப்பா வாசிக்கலாம்" என்றாள். அண்டை வீட்டார் பற்றிய அச்சம் மட்டுமன்று அவளை நிறுத்தியது; மாடியில் சமைத்துக்கொண்டிருக்கும் தாய், தொலைக்காட்சி பார்க்கும் பாட்டி என யாரேனும் கேட்டுக்கொண்டேயிருக்கும் வீட்டில் ஒரே தவறான ஜதியை நாற்பது முறை வாசிக்க அவளால் முடியவில்லை.

அக்கதவில் ஒரு சிறு சாளரம் உண்டு. வெவ்வேறு தடிப்புள்ள இரு கண்ணாடிகள், நடுவே இடைவெளி. அதன் வழியே பார்த்தால் அவள் விரல்கள் பறப்பது தெரியும், நாதம் கேளாது. பளிக்கறை முன் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் பேதம் உண்டு. உவவனத்தில் தாழிட்டவள் சுதமதி. இங்கே தாழ் உள்ளிருப்பவள் கையில். பெண்ணின் உருவத்தைக் காட்டிக் குரலை மறைக்கும் அறைகள் நம் சமுதாயத்தில் ஏராளம். கல்யாண வரவேற்பு மேடையே அதற்குச் சான்று. குரலைக் காத்து, உரிய நாள் வரும்வரை வளர்க்கும் அறைகளே அரியன. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண்ணெழுத்தாளர்க்கு ஐந்நூறு பவுன் வருவாயும் தாழுள்ள ஓர் அறையும் வேண்டும் என்று எழுதினார். எழுதுபவர்க்குத் தாழ் போதும். பாடுபவர்க்குப் போதாது.

ஒருநாள் நள்ளிரவில் தண்ணீருக்காக எழுந்தபோது நிலவறையில் வெளிச்சம் தெரிந்தது. விளக்கை அணைக்க மறந்தார்கள் போலும் என்று இறங்கிச் சென்றேன். சாளரத்தின் வழியே என் தங்கையைக் கண்டேன். தம்புரா ஒலிக்கும் சிறு பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்களை மூடி, தொடையில் தாளமிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. கதவைத் தட்டாமல் மேலே வந்துவிட்டேன். மறுநாள் அவள் அதைப் பற்றி ஏதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இம்மேடையில் அதனைக் கூற அவளிடம் இசைவு பெற்றுள்ளேன்.

நம் ஊர்களில் நிலவறைக்கு இடமில்லை. அடுக்ககங்களில் அது வண்டிகளுக்கு உரியது. மழை பெய்தால் தண்ணீருக்கு உரியது. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவென்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. சாதகத்துக்கு நம் முன்னோர் வகுத்த வைகறை முழுதும் அதனுள் அடங்கிவிடுகிறது. ஆகவே நம் தெருக்களில் வீணையும் மிருதங்கமும் பயிலும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், எங்கே பயில்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலர் நிறுத்தியிருப்பார்கள்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நாம் மாதந்தோறும் கூடும் இக்கூடத்துக்குப் பின்னே ஓரறை உள்ளது. பழைய மலர்க்கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் ஒலிபெருக்கிப் பெட்டியும் அங்கே இருக்கின்றன. மூன்று பக்கம் ஒன்பதங்குலச் செங்கற்சுவர். செங்கல் எடையுள்ள பொருள், நமக்கு அதிகச் செலவில்லை. தெருப்பக்கச் சாளரம் ஒன்றும் கதவு ஒன்றும் மட்டுமே பலவீனம். அவ்வறையைச் சீர்செய்து, மாலையில் இரண்டு மணி நேரம் இத்தெருப் பிள்ளைகளின் இசைப் பயிற்சிக்கும், மாதத்தில் ஒருநாள் முடிவடையாத கவிதைகளை மட்டும் படிப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்று எழுதிச் செயலாளரிடம் கொடுத்துள்ளேன். அந்த ஒருநாள் கூட்டத்தில் ஒலிப்பதிவு கூடாது, கைதட்டலும் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறேன். சுவருக்கு வண்ணம் அடிப்பதில் பணத்தைச் செலவிட வேண்டா. முதலில் கதவு; அதன் அடிச்சந்து; அடுத்துச் சாளரத்துக்கு இரண்டாவது கண்ணாடி; பிறகு காற்றுக்குழாய். கதவுக்கான செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதியை அடுத்த செயற்குழுவில் பேசுவோம்.